மேல விடுறதத்தான் கீழ குடிக்கோம்: தாமிரபரணி கடைமடையில இருந்து ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூணு மாவட்டக் கலெக்டர்களுக்கும், நீர்வளத்துறை, வனத்துறை, கனிமவளம், உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாடுன்னு எந்த ஆபீஸ்ல தாமிரபரணி ஃபைல் இருக்கோ அந்த ஆபீஸ்ல உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துல கருங்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஊருக்காரன். மருதூர் அணைக்கட்டுல பிரியுற மேலக்கால் வாய்க்கால் பாசனத்துல எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் நஞ்சை இருக்கு, அப்பாவுக்கு அப்புறம் நான்தான் பாக்கேன். எங்க ஆச்சி இருந்த வரைக்கும் வீட்டுல குடிக்கிற தண்ணி ஆத்துத் தண்ணிதான். விடியக்காலம் படித்துறையில எறங்கி, கையால நாலு தடவ தண்ணிய வெலக்கி விட்டுட்டு, குடத்த அமுக்கி எடுத்துட்டு வருவா. வடிகட்டுனதும் கிடையாது, காய்ச்சுனதும் கிடையாது. இன்னிக்கு என் மக அதே படித்துறையில கால் நனைக்கவே யோசிக்கா, நனைச்சா ராத்திரி பூரா சொறியுதா. ஆச்சி தண்ணி எடுத்த காலத்துக்கும் இன்னிக்கும் நடுவுல ஒரு நாப்பது வருசம்தான். இந்த நாப்பது வருசத்துல ஆத்துக்கு என்ன ஆச்சுன்னு உங்ககிட்ட பேசணும்னுதான் இத எழுதுதேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். காவிரின்னா கர்நாடகாவச் சொல்லலாம், பாலாறுன்னா ஆந்திராவச் சொல்லலாம், முல்லைப் பெரியாறுன்னா கேரளாவச் சொல்லலாம். தாமிரபரணிக்கு அப்பிடிச் சொல்ல ஆளே கிடையாது. பொதிகை மலையில பூங்குளத்துல பிறந்து, கிட்டத்தட்ட 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல்ல மன்னார் வளைகுடாவுல சேருற வரைக்கும் ஒரு சொட்டு கூட வேற மாநிலத்து மண்ணுல ஓடல. மேல இருக்கதும் நாமதான், கீழ இருக்கதும் நாமதான். அதனால இந்த ஆறு கெட்டுப் போச்சுன்னா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நம்ம மூணு மாவட்டம் மட்டும்தான்.

மலையில இருந்தே ஆரம்பிக்கேன், ஏன்னா தண்ணிய ஆக்குறது அந்த மலைதான், அணை இல்ல. பாபநாசத்துக்கு மேல உள்ள காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல அறிவிச்சாங்க, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் அதுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ரெண்டும் அந்த மலையில விழுது, சோலைக்காடு அதக் குடிச்சு வச்சுக்கிட்டு வேர் வழியா கொஞ்சம் கொஞ்சமா விடுது, அதனாலதான் சித்திரை வெயில்லயும் ஆத்துல தண்ணி ஓடுது, வற்றாத ஜீவநதின்னு நாம பெருமையா சொல்லுதோமே அந்தப் பெருமை முழுக்க அந்த மரத்துக்கும் மண்ணுக்கும் சேரணும். சிங்கவால் குரங்கு, அத சோலைமந்தின்னும் சொல்லுவாங்க, அது அங்க இருக்கு, கருமந்தி இருக்கு, பெரிய இருவாச்சி இருக்கு. இருவாச்சி பழம் தின்னுட்டுப் போட்ட விதையில மரம் மொளைக்குது, அந்த மரம் மழைத் தண்ணியப் பிடிச்சு வைக்குது, அந்தத் தண்ணி என் வயலுக்கு வருது. காணி பழங்குடி மக்கள் தலமுறை தலமுறையா அந்தக் காட்டுக்குள்ள இருக்காங்க, எந்த ஓடையில எப்பம் தண்ணி வரும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது. ஆத்தப் பத்தி மீட்டிங் போடும்போது அவங்கள்ல ஒருத்தர கூப்பிட்டு உக்கார வைக்கணும்னு கேக்கேன்.

அந்தக் காட்டுக்குள்ள இருக்க சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு நானும் வருசா வருசம் குடும்பத்தோட போவேன், அது எங்க குலசாமி. அத நிப்பாட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வனத்துறை பிளாஸ்டிக்க செக்போஸ்ட்ல பிடிச்சு வைக்கது நல்லதுதான், அதுல இன்னும் கறாரா இருங்க, சாமி கும்பிட வந்தவங்க நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறுன்னு ஒவ்வொண்ணா வந்து சேந்துதான் இது ஆறாகுது. குத்தாலத்துல அருவியா விழுற தண்ணிதான் சிற்றாறா ஓடி வந்து சீவலப்பேரி கிட்ட தாமிரபரணியில கலக்குது, அதனால தென்காசிக் கலெக்டருக்கும் இந்த லெட்டர்ல பங்கு இருக்கு. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, நெல்லைக்காரன் எவனக் கேட்டாலும் காலையில பேப்பரத் தொறந்தா மொதல்ல பாக்கது அணை நீர்மட்டம்தான். மார்க்கெட் ரேட் பாக்க மாதிரி அடிக்கணக்குப் பாத்து வளந்த சனம் நாங்க.

பாபநாசத்துல ஆறு மலைய விட்டு எறங்குது. எறங்கின எடத்துலயே மொத அடி. பரிகாரம்னு சொல்லி ஆத்துல முங்கி எந்திச்சு உடுத்தின துணிய அப்பிடியே ஆத்துல விட்டுட்டுப் போறாங்க. வேட்டி, சேலை, பேன்ட், சட்டை எல்லாம் அடியில பாறையில சிக்கிக் கிடக்கு, டன் கணக்குல அள்ளினாலும் அடுத்த அமாவாசைக்கு மறுபடி கிடக்கும், குளிக்க எறங்குறவங்க கால்ல சுத்துது, மீன் போற வழியில அடைச்சுக்கிது. எந்த சாஸ்திரம் ஆத்துல பாலியஸ்டர் சேலையப் போடச் சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியல. படித்துறையில ஒரு பெரிய தொட்டி வைங்க, துணிய அதுல போடுங்கன்னு கோயில் மைக்குல அந்த அர்ச்சகரே சொன்னா சனம் கேக்கும். போலீஸ் சொன்னா பயந்துட்டு அப்புறம் மறந்துரும், கோயில்ல சொன்னாதான் மனசுல நிக்கும்.

அந்த மீனப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஆத்துக்குன்னே ஒரு கெண்டை இருக்கு, உலகத்துல வேற எந்த ஆத்துலயும் கிடையாது, அறிவியல் பேருலயே தாம்பிரபர்ணின்னு சேத்து 1954-ல பேர் வச்சிருக்காங்க. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பு நூல் நூலா நீண்டு தொங்கும். அழியுற நெலமையில உள்ள மீன் பட்டியல்ல இப்ப அதுவும் இருக்கு. ஓடுற தெளிஞ்ச தண்ணியில, கூழாங்கல்லு கிடக்கிற எடத்துல இருக்கிற மீன் அது. கூழாங்கல்ல அள்ளிட்டு சாக்கடைய விட்டா அது எங்க போகும்? வேற ஆறு அதுக்குக் கிடையாதே.

கொஞ்சம் கீழ வந்தா திருப்புடைமருதூர். அந்த ஊர ஒவ்வொரு ஆபீசரும் ஒரு தடவையாவது போய்ப் பாக்கணும். நாறும்பூநாதர் கோயிலச் சுத்தியும் ஆத்தங்கரையிலயும் பழைய மருத மரம் நிக்கி, அதுல நாரை கூடு கட்டுது, ஊர்க்காரங்களே காவல். 2005-ல அந்த எடத்த பறவைகளுக்கான காப்பிடமா அறிவிச்சாங்க, மூணு ஹெக்டேர் கூட வராது, ஆனா ஊரே சேந்து காக்கிற இந்த மாதிரி காப்பிடம் இந்தியாவுலயே மொதல்ல வந்தது அங்கதான். இதே மாதிரிதான் கூந்தன்குளமும், மணிமுத்தாறு தண்ணி போய் நெறையுற குளம், சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முத்தத்து மரத்துலயே கூடு கட்டும், பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடி போடாத ஊரு. குஞ்சு கீழ விழுந்தா எடுத்து வளக்கிறவங்க அங்க இருக்காங்க. குளத்துல பறவை எச்சம் கலந்த மண்ணத்தான் வயலுக்கு எருவாப் போடுதாங்க, அப்பம் பறவைக்குச் செய்யது திரும்பி வயலுக்கே வருதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆத்தக் காப்பாத்த சனத்துக்குப் பாடம் எடுக்கணும்னு எந்த மீட்டிங்லயும் யாராவது சொன்னா, இந்த ரெண்டு ஊரையும் நெனச்சுப் பாருங்க, சனத்துக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.

அதுக்கு அடுத்து வயலும் வாய்க்காலும். எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இதுல ஏழு மன்னர் காலத்துல கட்டினது, கடைசி ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளக்காரன் காலத்துது. மொத்தம் 86,107 ஏக்கர் பாசனம், அதுல 46,107 ஏக்கர் மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் கீழ, அதாவது எங்க பக்கம். பாதிக்கு மேல கடைமடையிலதான் இருக்குன்னு இந்தக் கணக்கே சொல்லுது. கார், பிசானம்னு ரெண்டு போகம் வெளஞ்ச பூமி. எங்க ஊருக்குப் பக்கத்துலதான் ஆதிச்சநல்லூர், ஆத்துக்கு அந்தப் பக்கம் சிவகளை, அங்க முதுமக்கள் தாழிக்குள்ள இருந்து எடுத்த நெல்லு கி.மு. 1155-ன்னு சோதனையில வந்ததா 2021-ல சட்டசபையிலேயே முதல்வர் சொன்னாரு. மூவாயிரத்து இருநூறு வருசமா இந்தத் தண்ணியில நெல்லு வெளஞ்சுக்கிட்டு இருக்கு, ஆனா நான் போன தடவ கார் நடலாமா வேண்டாமான்னு ஜூன் மாசம் பூரா ஆபீஸ் வாசல்ல நின்னேன். மேல வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சுன்னு செய்தி வருது, எங்க மடையில ஈரம் கூட இல்ல, கேட்டா குடிநீருக்கு மட்டும்தான் விடுதோம்னு ஒருத்தர், இல்ல வாய்க்கால்ல அமலச்செடி, அதான் ஆகாயத்தாமரை, அடைச்சுக் கிடக்குன்னு இன்னொருத்தர், இது எங்க லிமிட் இல்லன்னு மூணாவது ஆளு. மனு குடுத்த ரசீது மூணு இருக்கு என்கிட்ட. தண்ணி வரல.

குடிநீருக்கு விடக் கூடாதுன்னு நான் சொல்லல. நெல்லை மட்டுமில்ல, தூத்துக்குடி டவுன்ல இருந்து எத்தனையோ வறண்ட கரிசக்காட்டு ஊரு வரைக்கும் இந்த ஆத்துல உறைகிணறு போட்டுத்தான் குடிக்காங்க, அந்தத் தாய்மாரு குடத்துக்கு முன்னாடி என் நெல்லு பெருசு இல்ல. ஆனா ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல இருந்து 20 எம்ஜிடின்னு, அதாவது நாளைக்கு ரெண்டு கோடி கேலன், ஆலைகளுக்குக் குழாய் போட்டு எடுத்தாங்களே, அப்பம் எங்க கடைமடை காய்ஞ்சு கிடந்துச்சு. ஆலைக்கு கடல் தண்ணிய சுத்திகரிச்சுக் குடுக்கலாம், நெல்லுக்கு அப்பிடிக் குடுக்க முடியுமா? இத வெலாவாரியா யோசிச்சுத்தான் கேக்கேன், கோவத்துல இல்ல.

வாய்க்கால் தண்ணி நெல்லுக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க. பத்தமடைப் பாய் ஒங்க எல்லாரு வீட்டுலயும் ஒண்ணு இருக்கும், எந்த வி.ஐ.பி. வந்தாலும் அதத்தான் பரிசாக் குடுக்கீங்க. ஆத்தங்கரையில மொளைக்கிற கோரைய அறுத்து, கீறி, நாள் கணக்கா ஓடுற தண்ணியில ஊற வச்சு, பட்டு மாதிரி ஆக்கி, அந்த ஊரு முஸ்லிம் பெண்கள் உக்காந்து நெய்யுற பாய் அது. கரையில கோரை இல்லாமப் போயி கருவேலமா ஆனா, தண்ணி ஊற வைக்கிற பதத்துல இல்லாமப் போனா, பாயும் போச்சு. அல்வாவுக்கு ருசியே இந்தத் தண்ணிதான்னு சொல்லாத நெல்லைக்காரன் உண்டா? அந்தத் தண்ணி இப்ப எப்பிடி இருக்கு?

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வந்துட்டேன். திருநெல்வேலி டவுனுக்குள்ள ஆறு நொழஞ்சு வெளிய வாற வரைக்கும் எத்தனை எடத்துல சாக்கடை விழுதுன்னு உங்க ஆபீஸ்ல கணக்கு இருக்கும். குறுக்குத்துறை முருகன் ஆத்துக்கு நடுவுல உக்காந்திருக்காரு, 1843-ல சுலோச்சன முதலியார் தன் சொந்தக் காசப் போட்டுக் கட்டின பாலம் இன்னிக்கும் சனத்தத் தாங்குது, ஒரு தனி மனுசன் அந்தக் காலத்துல ஊருக்காக அவ்வளவு செஞ்சிருக்காரு. அதே ஆத்துல நாம மலத்தண்ணிய விடுதோம். பாதாள சாக்கடைத் திட்டம் வந்து வருசம் ஆச்சு, இன்னும் இந்தப் பகுதி இணைக்கல அந்தப் பகுதி இணைக்கலன்னுதான் பதில். வழக்குப் போட்டு, 2024 நவம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து ஆத்தங்கரையில நடந்து பாத்துட்டுப் போனாங்க. நீதிபதி வந்து நின்னு பாக்கிற அளவுக்குப் போன பெறகும் ஓடை வாய இன்னும் அடைக்கலன்னா நாங்க யாருகிட்ட போய் நிக்கது?

டவுன்ல விட்ட தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கும், உங்க கண்ணுல இருந்து மறையும், ஆனா ஒழியாது. அது சீவலப்பேரி தாண்டி, முறப்பநாடு தாண்டி, மருதூர் அணைக்கட்டுல வந்து தேங்கும். நாங்க அங்கதான் இருக்கோம். உங்க எல்லைக்குள்ள தண்ணி நகந்து போயிருது, எங்க எல்லையில நின்னுருது. கோடையில அணைக்கட்டுல பச்சைக் கம்பளம் மாதிரி அமலை மூடிக்கிடும், அந்தச் செடி அவ்வளவு வேகமா வளருறதுக்குச் சாப்பாடே சாக்கடைதான், அடியில காத்து இல்லாம மீன் செத்து மெதக்கும். வருசா வருசம் ஜேசிபி விட்டு செடிய அள்ளுதீங்க, நல்லது, ஆனா சாக்கடைய விட்டுக்கிட்டே செடிய அள்ளினா அது என்னிக்கு முடியும்?

மணலப் பத்தி நான் தயங்கித் தயங்கித்தான் எழுதுதேன், எங்க பக்கத்துல அதப் பத்திப் பேசினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். 2010-ல நல்லகண்ணு ஐயா வயசான காலத்துல தானே கோர்ட்டுல நின்னு வாதாடி தாமிரபரணியில மணல் அள்ளத் தடை வாங்குனாரு, ஸ்ரீவைகுண்டத்துக்காரர் அவரு, ஆத்துல குளிச்சு வளந்தவரு. 2023 ஏப்ரல்ல முறப்பநாட்டுல, மணல் கடத்தலப் பத்திப் புகார் குடுத்த கிராம நிர்வாக அலுவலர அவரு ஆபீஸ்லயே பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க. உங்கள்ல ஒருத்தரு அவரு. கொன்னவங்களுக்கு ஆயுள் தண்டனை கெடைச்சிச்சு. ஆனா அவரு குடுத்த புகார் எந்த விசயத்துக்காகவோ அந்த விசயம் முழுசா நின்னுருச்சான்னு நீங்களே ஒரு ராத்திரி வந்து பாருங்க. மணலு போனா ஆறு பள்ளமாகுது, வாய்க்கால் தலமடை ஒசரத்துல நிக்கி, ஆத்துல தண்ணி ஓடினாலும் வாய்க்கால்ல ஏறாது. உறைகிணத்துல ஊத்து கொறையுது. கரையில வளை போட்டுக் குடியிருந்த நீர்நாய்க்கு எடமில்லாமப் போகுது. சின்னப் பிள்ளையில நாங்க அஞ்சாறு நீர்நாய் குடும்பமா நீந்தி வாறதப் பாப்போம், குட்டி கத்துற சத்தம் கேக்கும், நாணல் மறைவுல மீனக் கடிச்சுக்கிட்டு கெடக்கும். இப்ப வருசத்துக்கு ரெண்டு தடவ கண்ணுல பட்டா பெருசு. நீர்நாய் இருக்கிற எடத்துல மீன் இருக்கு, மீன் இருந்தா தண்ணி நல்லாருக்குன்னு அர்த்தம், லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னாடி அது சொல்லிரும்.

2023 டிசம்பர் 17, 18 அந்த ரெண்டு நாளப் பத்தி எழுதாம முடிக்க முடியல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஆத்துல ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல ரயிலோட நூத்துக்கணக்கான சனம் சிக்கிச்சு, பக்கத்து ஊர்க்காரங்க தன் வீட்டுல தண்ணி நிக்கும்போதே அவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டாங்க. நாங்க மொட்டை மாடியில ரெண்டு ராத்திரி. கரண்டு இல்ல, போன் இல்ல. எனக்கு அந்த வெள்ளத்து மேல கோவமே இல்ல, மழைய யாரு தடுக்க முடியும், 1992-லயும் இந்த ஆறு பொங்கித்தான் போச்சு. எனக்கு இருக்க ஒரே வருத்தம், மேல எப்பம் எவ்வளவு தொறக்கப் போறாங்கன்னு எங்க ஊருக்கு நேரத்தோட வந்து சொன்ன ஆள் இல்ல. வாட்சப்புல வந்ததெல்லாம் வதந்தி. வெள்ளம் வடிஞ்ச பெறகு வயலப் பாத்தா நெல்லு இல்ல, மணல் மேடு, அதுக்கு மேல பாபநாசத்துல இருந்து வந்த துணியும் டவுன்ல இருந்து வந்த பிளாஸ்டிக்கும். மேல இருக்கவங்க நாப்பது வருசமா ஆத்துல போட்டத ஆறு ஒரே ராத்திரியில எங்க வயல்ல கொண்டாந்து எறக்கி வச்சிட்டுப் போயிருச்சு.

அதுக்கும் கீழ ஏரல், ஆத்தூர், கடைசியா புன்னக்காயல். அங்க ஆறு கடல்ல சேருற எடத்துல அலையாத்திக் காடு இருக்கு, றாலும் நண்டும் மீனும் குஞ்சு பொரிக்கிற எடம் அது. ஆத்துத் தண்ணி ஒழுங்கா வந்து சேரலன்னா உப்பு மேல ஏறி வருது, ஊரு கிணறு எல்லாம் உவராகுது. கடல்ல போய் வீணாகுதுன்னு சொல்லுத தண்ணி புன்னக்காயல் மீனவனுக்கு வீணு இல்லங்கத தயவுசெஞ்சு கணக்குல எடுத்துக்கிடுங்க.

நான் கேக்கது பெருசா ஒண்ணும் இல்ல. காடு ஒரு துறை, அணை ஒரு துறை, மணல் ஒரு துறை, சாக்கடை மாநகராட்சி, குடிநீர் இன்னொரு வாரியம்னு ஆத்தத் துண்டு துண்டா பிரிச்சு வச்சிருக்கீங்க. அவங்கவங்க துண்டுல அவங்கவங்க சரியாத்தான் செய்யுதாங்கன்னே வச்சுக்கிடுவோம். ஆனா மொத்த ஆத்துக்கும் பொறுப்பு யாருன்னு கேட்டா ஒரு பேரு சொல்ல முடியல. மூணு மாவட்டத்துக்கும் சேத்து இந்த ஆத்துக்குன்னு ஒரே ஒரு பொறுப்பு அதிகாரி போடுங்க, மேல் மடைக்காரர், கடைமடைக்காரர், காணி, பாய் நெய்யுறவங்க, புன்னக்காயல் மீனவர்னு எல்லாரும் உக்காருற ஒரு குழு போடுங்க. எட்டு அணைக்கட்டுலயும் ஒரு போர்டு வைங்க, இன்னிக்கு எவ்வளவு தண்ணி தொறந்திருக்கு, தண்ணி குடிக்கிற தரத்துல இருக்கா குளிக்கிற தரத்துல இருக்கான்னு தமிழ்ல எழுதிப் போடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி டவுன் சாக்கடைய நிப்பாட்டுங்க. புதுசா பூங்கா, லைட்டு, ஆத்தங்கரை நடைபாதைன்னு எதுவும் வேண்டாம், அந்தக் காசையும் சேத்து சாக்கடைக்கே போடுங்க.

வருசா வருசம் ஜனவரி வாக்குல இந்தப் பக்கத்துக் குளங்கள்ல பறவை கணக்கெடுப்பு நடக்கும், 2011-ல இருந்து நடக்கு, காலேஜ் பிள்ளைங்களும் ஊர்ச் சனமும் பைனாகுலர் எடுத்துக்கிட்டு விடியுமுன்ன கரையில நிப்பாங்க. அடுத்த ஜனவரிக்கு நீங்களும் வாங்க. வந்தா பறவையோட போயிராம மருதூர் அணைக்கட்டு வரைக்கும் வாங்க, முன்கூட்டியே யாருக்கும் சொல்லாம வாங்க, சொன்னா அன்னிக்கு மட்டும் அள்ளி சுத்தம் பண்ணி வச்சிருவாங்க. காலையில ஆறு மணிக்கு வரணும். ஷட்டர்ல விழுற தண்ணியில நொரை நிக்கிறது அந்த நேரத்துலதான் நல்லாத் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா அக்கரையில நாணலுக்குள்ள நீர்நாயும் தெரியும். நான் அங்க மடையிலதான் நிப்பேன்.

இப்படிக்கு,
மருதூர் மேலக்கால் கடைமடை விவசாயி ஒருத்தன்